வழி யாருடையது?

சனிக்கிழமை விடியற்காலையில் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரம் சற்று நின்று பார்த்தால், இக்கால நாகரிகத்தின் புதுக் கோலம் ஒன்றைக் காணலாம். முன்பெல்லாம் தெற்கே போகும் குடும்பத்தார் கூஜாவும் புளியோதரைப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். இப்போதோ வண்டியின் தலைமேல் ஓர் இரும்புத் தட்டு. தட்டின்மேல் ஒரு கூடாரம். பின்னால் ஓர் ஏணி. பக்கவாட்டில் ஒரு மண்வெட்டி. இவ்வளவு ஆயுதங்களையும் தரித்துப் புறப்படும் ரதம், திண்டிவனத்தில் காப்பி அருந்திவிட்டுப் புதுச்சேரியில் ஏதேனும் ஒரு ஹோட்டல் வாசலில் போய் நிற்பதும் உண்டு. எனினும் அதன் உள்ளம் காட்டில் இருக்கிறது.

நாம் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு, விடுமுறைக்கு முந்திய வாரங்களில் பிள்ளைகளின் பேச்சு காதில் விழுவது வழக்கம். "ஊட்டிக்குப் போகிறோம்" என்று சொன்ன பையன் இப்போது, "ரோடே இல்லாத இடத்துக்குப் போகிறோம், ஸார்!" என்கிறான். அவன் கண்ணில் தோன்றும் ஒளி நல்ல ஒளிதான். நாள்தோறும் மேடவாக்கத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே புகையில் ஊர்ந்து வரும் தகப்பனார், வருஷத்தில் நாலு நாள் யானை நடந்த மண்ணில் வண்டி ஓட்ட வேண்டும் என்று விரும்பினால் அதில் குற்றம் காண்பதற்கு நாம் யார்? மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டி. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி அமைந்த வண்டி. அந்த விசைக் கோலை ஒரு முறையாவது இழுத்துப் பார்க்க வேண்டாமா?

சேலையூரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதைப் பற்றி நடந்த சம்பாஷணை ஒன்றைச் சொல்கிறோம். மகன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையை அளந்து கொண்டிருந்தார். தாயார் கேட்டார்:

"ஏம்ப்பா, ரோடு இல்லாத இடத்துக்குத்தான் போகணும்னா அவ்வளவு தூரம் எதுக்கு? மழைக்காலத்திலே முடிச்சூர்ப் பக்கம் போய்ட்டு வந்தா ஆகாதா?"

"அம்மா, அது வேறே, இது வேறே. இது காட்டு வழி."

"சரி, காட்டு வழின்னே வச்சுக்க. அந்த வழி யாரோடது? அவங்களைக் கேட்டுக்கிட்டியா?"

மகனிடம் இதற்கு விடை இல்லை. வண்டியின் உயரம் எவ்வளவு, டயரின் அகலம் எவ்வளவு, எஞ்சினின் வலிமை எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வழி யாருடையது என்பதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. காட்டுப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி அந்த அம்மாள் கேட்டதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

இந்தக் கேள்வி நமக்குத் தோன்றாமற் போனதற்குச் சரித்திர பூர்வமான காரணம் ஒன்று உண்டு. ஜீப் என்பது யுத்தத்தில் பிறந்த வண்டி. 1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. யுத்தம் முடிந்தபின், 1947-இல் மஹிந்திரா ஸ்தாபனத்தார் நம் தேசத்தில் அதைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அதன்பின் நெடுங்காலம் ஜீப் என்றால் உத்தியோக வண்டி. தாசில்தார் வருவது ஜீப்பில். போலீஸ் வருவது ஜீப்பில். தேர்தல் பெட்டி மலைக்குப் போவது ஜீப்பில். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியையும் வன இலாகாவும் ராணுவமும் தம்முடையதாக்கிக் கொண்டன. 2010-இல் 'தார்' வந்து, 2020-இல் அது புது உருவம் எடுத்த பிறகே நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் இவ்வகை வண்டி சாதாரணமாக நிற்கலாயிற்று. இதில் நம் புறநகர்ப் பிரதேசத்துக்கும் பங்கு உண்டு. செங்கற்பட்டுக்கு அருகே மஹிந்திரா நகரத்தில் அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. மறைமலைநகர்ப் போர்டு தொழிற்சாலை, 2022-இல் உற்பத்தியை நிறுத்தும் வரையில், 'என்டெவர்' என்னும் பெரிய வண்டியைச் செய்து வந்தது.

ஆகவே உத்தியோகத்தின் வண்டி உல்லாசத்தின் வண்டியாக மாறிவிட்டது. ஆனால் உத்தியோகஸ்தருக்கு இருந்த வழியுரிமை வண்டியோடு சேர்ந்து விற்கப்படவில்லை. ரேஞ்சர் எந்த வண்டியில் போகிறாரோ அதே வண்டி நம்மிடம் இருக்கிறது. ரேஞ்சர் போகும் வழி நமக்கு இல்லை.

மேனாட்டுப் படங்கள் இந்த மயக்கத்தை இன்னும் வளர்க்கின்றன. அமெரிக்காவில் தேசீய வனங்களுக்குள் எந்தெந்த வழியில், எந்தெந்த மாதங்களில் மோட்டார் வண்டி செல்லலாம் என்று வன இலாகாவே வரைபடம் வெளியிடுகிறது. அங்கே ஒருவர் கூடாரத்துடன் காட்டுக்குள் வண்டி ஓட்டிப் போவதைக் கைப்பேசியில் பார்க்கும் நம்மவர், நம் காடும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறார். நம் காட்டு நியாயம் வேறு. இங்கே காட்டை ஊடுருவும் வழிகள் மூன்று வகை. முதலாவது, பொதுச் சாலை. எவரும் போகலாம்; ஆனால் நேரக் கட்டுப்பாடு இருக்கலாம். இரண்டாவது, வன இலாகாவின் வழி. தீத்தடுப்புக்கும் ரோந்துக்கும் வெட்டப்பட்டது. அனுமதி பெறாமல் கால் வைப்பதும் குற்றம். மூன்றாவது, தேயிலை, காப்பித் தோட்டங்களின் வழி. அது தோட்டக்காரருக்குச் சொந்தம். இம்மூன்றிலும் சேராமல் 'யாருக்கும் சொந்தமில்லாத வழி' என்று நாலாவது வகை ஒன்று தமிழ்நாட்டில் இல்லை.

சட்டமும் பழைய சட்டந்தான். ஒதுக்கு வனங்களில் அத்துமீறி நுழைவதை 1882-ஆம் வருஷத்து வனச் சட்டமே தடுக்கிறது. சரணாலயங்களுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையலாகாது என்று 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்கள் நம் ராஜ்யத்தில் இருக்கின்றன. நம்மவர் ஆசைப்படும் இடங்களில் பெரும்பாலானவை இவற்றுக்குள்ளேயோ இவற்றின் ஓரத்திலோ அடங்கும். கைப்பேசி வரைபடம் ஒரு கோட்டைக் காட்டும். அந்தக் கோடு எந்த வகை வழி என்பதைச் சொல்லாது.

இது வெறும் சீட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள் குரங்கணியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11-ந் தேதி, போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிக் கொண்டிருந்த இரண்டு கூட்டத்தாரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. ஒரு கூட்டம் சென்னையிலிருந்து சென்றது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சென்னையிலிருந்து போனவர்களில் பலர் இளம் பெண்கள். கம்ப்யூட்டர்க் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பின்னர் கூறினார்கள். மாண்டவர்களைக் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும் என்பதும், கீழேயிருந்து காற்று வீசினால் தீ மனிதனைக் காட்டிலும் வேகமாக மலை ஏறும் என்பதும் அங்கே காவல் புரிபவருக்குத் தெரியும். அனுமதி கேட்பது என்றால் கையெழுத்து வாங்குவது மட்டும் அல்ல. தெரிந்தவர் ஒருவரிடம் 'இப்போது போகலாமா?' என்று கேட்பது. அதுதான் அதன் உயிர்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, அதே 2018-ஆம் வருஷத்திலேயே, மலைநடைக்கு அரசாங்கம் விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் ஏற்பாட்டின்கீழ் நாற்பது வழிகள் திறக்கப்பட்டன. மலைவாசி இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். தீக்காலமாகிய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையில் அவ்வழிகளை மூடுகிறார்கள். காரில் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய விடுமுறை வருவது கோடையில். காடு மிகவும் காய்ந்து கிடப்பதும் அப்போதுதான். ஆகவே காட்டுப் பிரயாணத்துக்குக் கோடை விடுமுறை ஏற்றதன்று. தென்மேற்குப் பருவமழையில் அட்டையும் சேறும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதைச் சரிவுகள் விழக்கூடும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையுமே குடும்பத்துடன் போவதற்குப் பொருத்தமானவை.

அப்படியானால் எங்கே போவது? நேயர்களுக்கு ஒரே ஓர் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அது அதே கொழுக்குமலைதான். தீ எழுந்த சரிவின் உச்சியில், 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தேனி ஜில்லாவைச் சேர்ந்த தேயிலைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டைச் சேர்ந்த அந்தத் தோட்டத்துக்குக் கேரளத்தின் வழியாகத்தான் வண்டி போகிறது. சூரியநெல்லி என்ற சிற்றூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அதைச் சாலை என்று சொல்வது மரியாதைக்காக. உருண்ட கல்லும் ஓடை அரித்த பள்ளமுமாகக் கிடக்கும் அவ்வழியில் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

இங்கே நம் சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. உள்ளூர் ஜீப்புகளில்தான் போக வேண்டும். ஒரு ஜீப்பில் ஆறு பேர் உட்காரலாம். "இவ்வளவு பணம் போட்டு வண்டி வாங்கியது வாடகை ஜீப்பில் உட்காரவா?" என்று சிலர் மனம் புழுங்கலாம். அவர்கள் ஒரு முறை அந்த ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்து வரட்டும். அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது அபூர்வம். ஏற்றத்தில் தாழ்ந்த கியரைப் போட்டுவிட்டு, எஞ்சின் தானே இழுக்கும்படி விடுகிறார். இறக்கத்திலும் அதே தாழ்ந்த கியர்தான். பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. சக்கரத்தைப் பள்ளத்துக்குள் விடாமல் கல்லின் முதுகில் ஏற்றி நடத்துகிறார். எதிரே வண்டி வந்தால் எந்த வளைவில் ஒதுங்குவது என்பது அவருக்கு முன்னமே தெரியும். நாலு வருஷம் வண்டி வைத்திருந்தும் நாம் கற்காத வித்தையை அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணால் கற்கலாம். மேலும் நாம் கொடுக்கும் கூலி அந்த ஊரிலேயே அடுப்பெரிக்கிறது.

தாம்பரத்திலிருந்து தேனி ஏறக்குறைய 500 கிலோமீட்டர். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாகப் போகலாம். விடியுமுன் புறப்பட்டால் மாலைக்குள் தேனியோ போடியோ சேர்ந்து அங்கே தங்கலாம். மறுநாள் பகல் வெளிச்சத்தில் போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லியை அடைந்து, அன்று ஓய்வு. மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் ஜீப் புறப்படும். சூரியோதயத்தைப் பார்த்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையையும் கண்டு பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். நாலாம் நாள் ஊர் திரும்பும் பிரயாணம். அத்தனை தூரம் காரோட்ட விரும்பாதவர்களுக்கு 2023 ஜூன் முதல் சென்னை சென்டிரலிலிருந்து போடிக்கே ரெயில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள். புறப்படுமுன் ஜீப் ஓடுகிறதா என்று விசாரித்துக் கொள்வது அவசியம். மழையின் பொருட்டு நிறுத்துவது உண்டு. 2025 ஜூலையில் இடுக்கி ஜில்லா நிர்வாகம் ஜீப் சவாரிகளையே சில காலம் நிறுத்தி வைத்தது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாப்ஸ்லிப்புக்கும் முதுமலைக்கும் போனால் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு வன இலாகாவின் வண்டியில் காட்டைப் பார்க்க வேண்டும். சொந்தக் கையால் மலைப்பாதை ஓட்டித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்குப் பொதுச் சாலைகளே போதிய விருந்து: கொல்லிமலைக்கு 70 வளைவுகள், வால்பாறைக்கு 40. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதலும் 'இ-பாஸ்' என்னும் முன்பதிவுச் சீட்டு வேண்டும். முதுமலை, பந்திப்பூர்ச் சாலைகளில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. இந்தத் தடையைக் கண்டு முணுமுணுப்பவர்கள், இரவில் அச்சாலை யாருடையது என்பதை யோசித்துப் பார்க்கட்டும். பகலெல்லாம் நமக்கு வழி விட்டுக் காத்திருந்த பிராணிகள் இரவில் அதைக் கடக்கின்றன.

பகலிலும் அவற்றுக்கே முன்னுரிமை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி, வால்பாறைச் சாலையில் யானை ஒன்று நிற்க, மற்ற வண்டிகள் ஒதுங்கி நின்றன. மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மானியப் பிரயாணி ஒருவர் அதைக் கடந்துபோக முயன்று தாக்குண்டு இறந்தார். யானை நின்றால் நாமும் தூரத்திலேயே நிற்க வேண்டும். இல்லையேல் மெல்லப் பின்வாங்க வேண்டும். ஹாரன் அடிப்பதும் விளக்கைப் பளிச்சிடுவதும் இறங்கிப் படம் எடுப்பதும் கூடவே கூடாது. அரை மணி நேரம் தாமதமானால் என்ன? யானையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!

வண்டி ஓட்டிப் பழகுவதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே இடம் தேடுகிறவர்கள் உண்டு. கோவளம் பக்கத்துக் கடற்கரை மணலும், கோடையில் வற்றிய ஏரிப் படுகையும், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமும், நன்மங்கலம் காடும் அவர்கள் கண்ணுக்குத் தரிசாகத் தோன்றுகின்றன. அங்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். தை முதல் பங்குனி வரையில் சென்னைக் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. சக்கரத்தின் ஒரு சுற்று ஒரு குழி முட்டையைக் கூழாக்கிவிடும். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட சதுப்பு நிலம். நன்மங்கலம் ஒதுக்கு வனம். அங்கே கொம்பன் ஆந்தை வசிக்கிறது. ஏரிப் படுகை நம் பிள்ளைகள் குடிக்கப்போகும் தண்ணீரின் பாத்திரம். பழக வேண்டுமானால், கட்டணம் வாங்கிக்கொண்டு சொந்த நிலத்தில் பயிற்சி தருகிறவர்களிடம் போவதே முறை. கயிறு கட்டி இழுப்பதையும், மணலில் டயர்க் காற்றை 35 பவுண்டிலிருந்து 20-க்குக் குறைத்து ஓட்டி, தார்ச் சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்புவதையும், ஓடையை முதலில் காலால் நடந்து ஆழம் பார்த்துவிட்டே சக்கரத்தை இறக்குவதையும் அங்கே கற்கலாம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தாலோ அடி தெரியாதபடி கலங்கி ஓடினாலோ திரும்பிவிட வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டிய சாமான்களைப் பற்றிப் பெரிய ஜாபிதா வேண்டியதில்லை. நல்ல நிலையில் மாற்றுச் சக்கரம், காற்றடிக்கும் கருவி, வலுவான இழுவைக் கயிறு, மண்வெட்டி, டார்ச் விளக்கு, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, அன்றாடம் சாப்பிடும் மருந்துகள், கைச்செலவுக்கு ரொக்கப் பணம். இவற்றைவிட முக்கியமானது வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய ஒரு தாள். எந்தச் சாலை, எந்த ஊர், எங்கே தங்கல், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து நீலகிரிக்குப் போன எழுவர் சென்ற கார் கல்லட்டிப் பாதையில் பள்ளத்தில் உருண்டது. இரண்டு நாளைக்குப் பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் இறந்து கிடந்தார்கள். இருவர் உயிரோடு இருந்தார்கள். மலையில் கைப்பேசி ஊமையாகிவிடும் இடங்கள் பல. அங்கே ஒரு துண்டுக் காகிதம் பேசும்.

கடைசியாக, அந்த வழியின் ஓரத்தில் வசிக்கும் மனிதர்கள். நமக்கு வேடிக்கையாக இருக்கும் கரடுமுரடு அவர்களுக்கு என்னவாக இருக்கிறது? பவானிசாகருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹடாவுக்குப் போக மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். நம் குழந்தைகள் பரிசலில் ஏறினால் கைகொட்டுவார்கள். அங்கே வெள்ளம் வந்தால் நோயாளியும் கர்ப்பிணியும் கரையில் காத்திருப்பார்கள். இன்னும் அருகில், வேலூர் ஜில்லாவில் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாத மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் நடுவழியில் நின்றுவிட, தாய் அந்தச் சிறு உடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்தாள். தாம்பரத்திலிருந்து ஒரு காலைப் பொழுதுக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம் அது.

இதனால் நேயர்கள் பிரயாணத்தையே கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் சாலை வேண்டும் என்று பேசுவதற்கு நா எழும். ஆனால் மலையூரில் வண்டி நுழையும்போது வேகத்தைக் குறைப்போம். மழைக்காலத்து மண்பாதையை நம் சக்கரம் உழுது போட்டுவிட்டால், மறுநாள் அதில் பால்காரர் சைக்கிளையும் பள்ளிப் பிள்ளைகளின் கால்களையும் யார் தூக்கிவிடுவார்கள்? குழந்தைகளுக்கு மிட்டாயை வாரி இறைப்பதையும் குரங்குக்கு பிஸ்கோத்துப் போடுவதையும் விட்டுவிட்டு, அந்த ஊர் டீக்கடையிலேயே சாப்பிட்டு, அந்த ஊர்த் தேனையும் மிளகையும் ஏலக்காயையும் நியாய விலைக்கு வாங்கி வருவோம். பிளாஸ்டிக் குப்பையை நம்முடனேயே தாம்பரத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவோம்.

காடு நம் தேசத்தின் பொதுச் சொத்து என்று மேடையில் சொல்கிறோம். பொதுச் சொத்து என்றால் எல்லாருக்கும் உரியது; ஆகவே எவரும் தன்னிச்சையாக உழுது செல்லக் கூடாதது. வரும் விடுமுறைக்கு ஏற்பாடு செய்யும் குடும்பங்கள் வண்டிக்கு எண்ணெய் போடுமுன் வன இலாகாக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் போடட்டும். 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு திக்கில் போகலாம். 'வரலாம்' என்று பதில் வந்தால் விருந்தாளியாகப் போகலாம். விருந்தாளிக்குக் கிடைக்கும் காடு, அத்துமீறி நுழைந்தவனுக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை.